எங்கள் ஏரியாவில் யாருக்கும் ஒன்றுமில்லை

அந்தப் பிள்ளை செய்தது அநியாயம் தம்பி. பஸ்ஸில் பெண்கள் இருக்கிறார்களே என்று அநியாயம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு ஏரியாவையே ஏமாற்றிவிட்டுப் போயிருக்கிறாள். கணக்கெடுக்க வந்தாள், கேட்டாள், எழுதினாள், போனாள். இங்கே யாருக்கும் மனசில் ஒரு குறையும் கிடையாது, எல்லாரும் பரம சுகம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டாள். அவள் யாரென்று உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று தலையை ஆட்டாதீர்கள். உங்கள் கழுத்தில் தொங்குகிற பச்சைக் கயிறுதான் அவள் கழுத்திலும் தொங்கியது. அதே அட்டை. ஒரே ஆபீஸ்தானே? வேறு பிரிவா? பிரிவெல்லாம் எனக்கெதற்கு? ஒரு கடையில் ஒருத்தன் கிழிந்த துணியைத் தலையில் கட்டிவிட்டால், கடையில் எவன் நிற்கிறானோ அவன் சட்டையைத்தான் பிடிப்பேன்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். இல்லை, ஜன்னல் வேண்டாம், இந்த ஓரம்தான் வேண்டும். இங்கிருந்தால்தான் அவள் தெரிவாள். அதோ, டிரைவருக்குப் பின்னால், மாம்பழக் கலர் சேலை. என் வீட்டுக்காரி தவமணி. பக்கத்தில் போய் உட்கார்ந்தால் "நீங்க பின்னாடி போங்க" என்கிறாள். நான் மூச்சு விடுகிற சத்தமே சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கிறதாம். எப்படி இருக்கிறது பாருங்கள் கதை.

இன்றைக்கு எப்படியாவது அவளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற இடம், உங்கள் ஆபீஸ் திறந்து வைத்த இடம்தான். போன தடவை பாதி வழியில் இறங்கிவிட்டாள். பாலத்துக்கு முன்னால் பனியன் கம்பெனிக் கூட்டம் ஏறியது, இவள் இறங்கி வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். மாத்திரை தீர்ந்துபோயிற்று. விட்டுவிட்டுச் சாப்பிடக் கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டு நாளாகக் கண்ணை மூடவில்லை. இன்றைக்கும் இறங்கிவிட்டாள் என்றால்... இறங்கமாட்டாள். நான் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். பெயர் சங்கிலி. ஆண்டிபட்டிப் பக்கமிருந்து ஆறாம் வகுப்போடு திருப்பூருக்கு வந்தவன். பனியன் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை. மடிப்பு கோணினால் சூப்பர்வைசர் மண்டையில் குட்டுவான். குட்டு வாங்கிக்கொண்டே மடிப்பேன். அப்புறம் வெளிநாட்டுக்காரன் வேண்டாமென்று தள்ளிவிட்ட சரக்கை, செகண்ட்ஸ் என்பார்கள், மொத்தமாக எடுத்துக் கடை போட்டு விற்கிற தொழில். எவனும் கற்றுக்கொடுக்கவில்லை. ஏமாந்து ஏமாந்து நானே கற்றுக்கொண்டேன். அந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு பாடம்தான் தம்பி. தேவையைக் காட்டக் கூடாது. சரக்கு பிடித்திருக்கிறதா? முகத்தைச் சுளி. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, நூல் சரியில்லை என்று தூக்கிப் போடு. செருப்பை மாட்டு. வாசலைப் பார்த்து நட. "அண்ணே, வாங்கண்ணே, பேசிக்கலாம்" என்று பின்னால் குரல் வரும். வராமல் இருக்காது. அந்தச் சரக்கு கிடைக்காவிட்டால் அன்றைக்கு உன் வீட்டில் அடுப்பு எரியாது என்பது மட்டும் அவனுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் செத்தாய்.

இப்படி நடந்து நடந்துதான் இடம் வாங்கினேன். லைன் வீடு கட்டினேன். வரிசையாக ஒற்றை அறைகள், நடுவில் ஒரு பொதுக் குழாய். எல்லா அறையிலும் பனியன் கம்பெனி ஆட்கள். அவர்களுக்கு நான் ஓனரண்ணன். முன்பக்கம் என் வீடு.

ஒரு நிமிஷம். எழுந்திருக்கிறாளா? இல்லை. கைப்பையை மடியில் மாற்றி வைக்கிறாள். சரி.

போன வருஷம் ஐப்பசி மழையில்தான் தவமணிக்கு இது ஆரம்பித்தது. என்ன பெயரென்று எனக்குத் தெரியாது. பல் விளக்கப் போவாள், பிரஷ்ஷைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள். பால் பொங்கி வழியும், பார்த்துக்கொண்டே இருப்பாள். மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனால் இறங்கி வரமாட்டாள். நான் கீழே நின்று ஒரு கத்து கத்தினால் இறங்குவாள். கத்தினால்தான் வேலை நடந்தது. அதனால் தினமும் கத்தினேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்?

சும்மாவும் இருக்கவில்லை. அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பூசாரியிடம் கூட்டிப்போனேன். தாயத்துக்கு அவன் சொன்ன விலையைக் கேட்டு எனக்குச் சாமி வந்துவிட்டது. பாதிக்கும் கீழே இறக்கித்தான் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் தவமணி அந்தத் தாயத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதையும் செகண்ட்ஸ்லயே எடுத்துட்டீங்களா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து கேலியே வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கேலி பண்ணியே ஓட்டியவள் தம்பி அவள். என் பேரம் பேசுகிற குரலை அப்படியே பேசிக் காட்டுவாள். லைன் வீட்டுப் பெண்கள் குழாயடியில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்த நேரத்தில்தான் உங்கள் ஆள் வந்தாள். வருவதற்கு முன்னாலேயே பக்கத்துத் தெருவிலிருந்து சேதி வந்துவிட்டது, மெண்டல் கணக்கு எடுக்க வருகிறார்கள் என்று. என் நிலைமையில் இருந்து யோசியுங்கள். மகள் கீர்த்தனாவைத் தாராபுரத்துக்காரர்கள் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பதில் வரவில்லை. தெருமுனையில் மனநல ஆஸ்பத்திரி என்று ஒரு போர்டு தொங்கினால் மாப்பிள்ளை வீட்டார் வண்டியைத் திருப்பிக்கொண்டு போகமாட்டார்களா? எந்தக் குடித்தனக்காரன் அறை கேட்டு வருவான்? அன்றைக்குக் காலையில் குழாயடியில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரே சத்தம் போட்டேன். எவராவது வாயைத் திறந்து அது இது என்று உளறினால் அறையைக் காலி பண்ணிவிட்டுப் போய்ச் சொல்லுங்கள் என்றேன். ஓனர் என்றால் ஒரு கட்டுப்பாடு வேண்டுமில்லையா?

அந்தப் பிள்ளை வந்தாள். சின்னப் பிள்ளை, மழையில் நனைந்து, குடை கம்பி ஒடிந்து தொங்கியது. உட்காரச் சொன்னேன். மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"ஐயா, உங்க வீட்டுல யாராவது சரியாத் தூங்காம, சாப்பிடாம, எதுலயும் பிடிப்பில்லாம இருக்காங்களா?"

"இருக்கானுகளே. எங்கிட்ட சரக்கு எடுத்தவன் பூரா அப்படித்தான் இருக்கான்."

சிரித்தாள். சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். "இந்தப் பக்கம் மனநல ஆலோசனைக்கு ஒரு சென்டர் வந்தா உங்களுக்குத் தேவைப்படுமா ஐயா?"

தேவைப்படுமா. அந்த வார்த்தையைத்தான் கேட்டாள் தம்பி. அதுவும் என்னிடம். நான் என்ன சொல்வேன்?

"எங்களுக்கா? நல்லாக் கேட்டம்மா. வேற தெருவைப் போய்ப் பாரு."

அப்போது தவமணி தண்ணீர்ச் சொம்போடு உள்ளேயிருந்து வந்தாள். அந்தப் பிள்ளை சொம்பை வாங்கினாள், குடிக்கவில்லை, தவமணி முகத்தையே பார்த்தாள். "அம்மா, நீங்க நல்லாத் தூங்குறீங்களா?" என்றாள்.

தவமணி வாயைத் திறந்தாள்.

"படுத்தான்னா பொழுது விடிஞ்சுதான் எந்திரிப்பா" என்றேன் நான்.

தவமணி வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பிள்ளை என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், குனிந்து எழுதினாள். அவ்வளவுதான். இதைத்தான் கேட்கிறேன். பார்த்தாள் இல்லையா? இவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள் இல்லையா? அப்புறம் இன்னொரு தடவை கேட்டால் என்ன? நாக்கு தேய்ந்துவிடுமா? முதல் பேச்சில் எவனாவது உண்மை விலையைச் சொல்வானா? முதல் பேச்சை அப்படியே எழுதிக்கொண்டு போகிறவளை எப்படி ஒரு ஆபீஸில் வேலைக்கு வைக்கிறார்கள்?

நான் விடவில்லை. அவள் லைன் வீடு பூராவும் கேட்டு முடித்துவிட்டு தெருவில் இறங்கி நடந்தபோது, பின்னாலேயே போனேன். தெருமுனைப் பழக்கடையில் வாழைத்தாரைப் பார்க்கிற மாதிரி நின்றேன். கூப்பிடுவாள், ஐயா ஒரு வார்த்தை என்பாள், அப்போது கொஞ்சம் இறங்கிவரலாம் என்றுதான் நின்றேன். திரும்பினாள். என்னைப் பார்த்து நேராக வந்தாள். நான் அவசரமாக வாழைத்தாருக்கு விலை கேட்டேன் தம்பி.

"ஐயா, பழைய பஸ் ஸ்டாண்டு போற பஸ் எங்க நிக்கும்?" என்றாள்.

கையை நீட்டிக் காட்டினேன். போய்விட்டாள். திரும்பியே பார்க்கவில்லை. வாழைப்பழத்தை வாங்கிக்கொண்டு வந்தேன், வேறென்ன.

பஸ் நிற்கிறதா? சிக்னலா? பார்த்தீர்களா, பஸ் நின்றாலே அவள் கதவைப் பார்க்கிறாள். ஏன் ஆட்டோவில் போகக் கூடாது என்று கேட்கப்போகிறீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். எனக்கென்ன கையில் இல்லாமலா? ஆட்டோக்காரன் ஒரு ரேட் சொல்வான், நான் ஒரு ரேட் சொல்வேன். உலகத்தில் நடக்கிறதுதானே? அதைக் கேட்டாலே இவள் காதைப் பொத்திக்கொள்கிறாள். ஏறிய ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடப் பார்த்தாள். "பஸ்ஸுன்னா டிக்கெட்டு ஒரே வெல, நீங்க பேசாம வருவீங்க" என்கிறாள். நானே ஒரு பழைய வண்டி வைத்திருக்கிறேன், அதில் பின்னால் உட்காரமாட்டாள். வழியில் குறுக்கே வருகிறவனையெல்லாம் நான் திட்டுகிறேனாம். குறுக்கே வருகிறவனைத் திட்டாமல் கொஞ்சவா முடியும்?

விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் கீர்த்தனா கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பிள்ளை புருஷன் வீட்டுக்குப் போனாள், வீடு வெறிச்சென்று ஆனது. ஒரு நாள் காலையில் தவமணியைக் காணவில்லை. பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, தரைக்குள் கட்டியது, ஆள் முங்குகிற ஆழம். அதன் மூடியைத் தள்ளிவைத்துவிட்டுப் பக்கத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி அறையில் இருக்கிற அஞ்சலைதான் முதலில் பார்த்தாள். விழுப்புரத்துப் பெண், தையல் வேலை, புருஷன் விட்டுவிட்டுப் போனவன். தொட்டியைக் கழுவலாம் என்று தவமணி பார்த்திருப்பாள். அப்படித்தான் நான் சொல்கிறேன். அஞ்சலை வேறு மாதிரி சொல்கிறாள். அதை இந்த பஸ்ஸில் வைத்து நான் சொல்லமாட்டேன்.

நான் ஓடி வந்து கத்த வாயெடுத்தேன். அஞ்சலை என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "ஓனரண்ணே, நீங்க அங்கியே நில்லுங்க" என்றாள். என் இடத்தில், என் தொட்டிக்குப் பக்கத்தில், என்னை நிற்கச் சொல்கிறாள். நின்றேன். ஏனென்று தெரியவில்லை, நின்றேன். அவள் தவமணி பக்கத்தில் உட்கார்ந்து ஏதேதோ பேசினாள். மெதுவாக எழுப்பினாள். அன்றைக்குக் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள், ஆற்றுக்கு அந்தப் பக்கம். அப்படி ஒரு இடம் இருப்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது, எந்த பஸ், எந்தத் தெரு, எந்த டாக்டரம்மா நன்றாகப் பேசுவார் என்றெல்லாம் எப்படித் தெரிந்தது என்பது இன்றைக்கு வரை எனக்குப் புரியவில்லை. கெட்டிக்காரிதான்.

மாத்திரை கொடுத்தார்கள். தவமணி தூங்கினாள் தம்பி. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினாள். அடுத்தடுத்த வாரத்தில் பாலை அவளே இறக்கி வைத்தாள். அப்புறம் நான்தான் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அங்கே என்ன செய்கிறார்கள் தெரியுமா? என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். கூட்டிக்கொண்டு வந்தவன் நான். உள்ளே தவமணி சாயங்காலம் வரைக்கும் பேசுவாள் போல இருக்கிறது. என்னிடம் சேர்ந்தாற்போல நாலு வார்த்தை இல்லை. ஒரு தடவை கதவில் காதை வைத்துப் பார்த்தேன். சிரிக்கிற சத்தம் கேட்டது. என் குரலில் யாரோ பேரம் பேசுகிற மாதிரியும் கேட்டது. அப்படியே பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நல்ல வைத்தியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஏன் ஆற்றைத் தாண்டி இருக்கிறது? இரண்டு பஸ் மாற வேண்டும். கூட்டம் ஏறினால் அவளுக்கு மூச்சு முட்டுகிறது. தெருமுனையில் இருந்தால் அவள் பாட்டுக்கு நடந்து போய் வருவாளே? நேராக உங்கள் ஆபீஸுக்குப் போனேன். ஏன் எங்கள் பக்கம் வைக்கவில்லை என்று மேஜையைத் தட்டிக் கேட்டேன். ஒரு கண்ணாடிக்காரர் பொறுமையாகச் சொன்னார். "உங்க ஏரியாவுல சர்வே எடுத்தோம் சார். தேவைன்னு சொன்னவங்க யாருமே இல்ல. அந்தப் பக்கம் நிறைய பேர் கேட்டாங்க, அதான் அங்க போட்டோம்."

"கேட்டா குடுத்துடுவீங்களா?"

"ஆமா சார்" என்றார்.

எப்பேர்ப்பட்ட ஆபீஸ் பாருங்கள்! கேட்டால் கொடுத்துவிடுவார்களாம்! இதை முதலிலேயே சொல்ல வேண்டாமா அந்தப் பிள்ளை?

சரி, எத்தனை பேர் தேவை, சொல்லுங்கள், நான் ஆள் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கே ஒவ்வொரு அறைக் கதவாகத் தட்டினேன். கட்டிங் மாஸ்டர் ஒருத்தர் இருக்கிறார், குடித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அழுவார், எனக்குத் தெரியாதா? "யோவ், உனக்கு மனசு சரியில்லதானே? சொல்லு, ஆபீஸ்ல சொல்லணும்" என்றேன். எழுந்து நின்று வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "எனக்கென்ன ஓனரண்ணே, உங்க புண்ணியத்துல நல்லாயிருக்கேன்" என்றார். எதிர் அறைப் பிள்ளை ராத்திரி வேலை முடிந்து வந்து பகலெல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். அதுவும், "நல்லாத் தூங்குறேண்ணே" என்றது. கதவுக்குக் கதவு இதே பாட்டு. பொய் சொல்கிறார்கள் தம்பி! முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பச்சைப் பொய்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கத்தினேன். கத்தக் கத்த இன்னும் நல்லாயிருக்கிறோம் என்கிறார்கள்.

அஞ்சலை குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். "ஏம்மா, நீயாச்சும் சொல்லும்மா" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். "உங்ககிட்ட யாருண்ணே சொல்லுவாங்க?" என்றாள். பிழிந்த துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திமிர்தானே இது? அதைத்தான் நானும் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எத்தனையோ நாளாயிற்று, இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என்ன கூட்டம் இது? பாலத்து ஸ்டாப்பா வந்துவிட்டது? பேச்சில் கவனிக்கவில்லை. தள்ளுங்கள், மறைக்கிறார்கள். அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் தலையை எடுக்கச் சொல்லுங்கள். சீட்டில் இல்லையே! எங்கே போனாள்? ஏ, தவமணி! ஏத்தா! கண்டக்டர், வண்டியை எடுக்காதீங்க! எங்க வீட்டம்மா!

அதோ, இறங்கிவிட்டாள். கீழே நிற்கிறாள். என்ன சொல்கிறாள்? காதில் விழுந்ததா உங்களுக்கு? "கத்தாதீங்க"வா? கத்தவில்லையே நான்! இன்னும் ஏதோ சொன்னாளே. "நடந்து போயிடுவேன்"னா?

எங்கே நடந்து போவாள்? வீட்டுக்கா? எந்தப் பக்கம் திரும்புகிறாள் பாருங்கள் தம்பி, நீங்கள் ஜன்னல் பக்கம் இருக்கிறீர்கள், பார்த்துச் சொல்லுங்கள். பாலத்து மேலேயா? பாலத்து மேலேதான் போகிறாளா? நிச்சயமாக? அப்படியென்றால் ஆஸ்பத்திரிப் பக்கம். முக்காட்டைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம்தான் போகிறாள். இந்த வெயிலில் எவ்வளவு தூரம் இருக்கிறது தெரியுமா? கூட்டம் ஆகாது, நான் ஆகாது, ஆனாலும் போகிறாள் பாருங்கள். நடந்தே போகிறாள்.

நான் இறங்குகிறேன். பக்கத்தில் போகமாட்டேன், பின்னால்தான் போவேன். விடுங்கள், வழி விடுங்கள். தம்பி, ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையை வரச் சொல்லுங்கள். வேறு யாரையும் அனுப்பக் கூடாது. அவள் எழுதியதை அவளே வந்து அடிக்க வேண்டும். பகலில் வரட்டும், நான் கடையில் இருப்பேன். வீட்டில் இருக்கமாட்டேன், வாசலில் நிற்கமாட்டேன். தவமணியிடம் கேட்கட்டும். அஞ்சலையிடம் கேட்கட்டும். ஒவ்வொரு அறையிலும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கட்டும். ஒரு தடவை இல்லையென்றால் இன்னொரு தடவை கேட்கட்டும். என்ன சொன்னாலும் எழுதட்டும். என்னைப் பற்றிச் சொன்னாலும் எழுதட்டும், நான் என்னவென்று கேட்கமாட்டேன். எழுதிக்கொண்டு போய் எங்கள் பக்கம் ஒரு டாக்டரை உட்காரவைக்கட்டும். அவள் செய்ததை அவள்தான் சரிசெய்ய வேண்டும். வருகிறாளா இல்லையா? இருப்பா கண்டக்டர், விசில் ஊதாதே, இறங்குகிறேன். தம்பி, உங்களைத்தான் கேட்கிறேன், தலையை ஆட்டினால் போதாது, வாயால் சொல்லுங்கள். வருவாளா?